கரையில்லாச் சேலை

எங்கள் கிள்ளான் போர்ட் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டு ஆம்பிளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொடியில் காயும் சட்டையைப் பார்த்தால் போதும். கோதுமைக் கப்பலில் நிற்பவர் சட்டை எத்தனை முறை அலசினாலும் தையலுக்குள் கொஞ்சம் மாவு வைத்திருக்கும். பாமாயில் குழாய்க்காரர் சட்டை மஞ்சள் பூத்திருக்கும். சிமெண்டுக் கப்பல்காரர் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தால் நிற்கும் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

ரெங்கசாமியின் ஓவரால் காலையில் நீலமாகப் போகும், சாயங்காலம் கறுப்பாக வரும். மறுநாள் கொடியில் மறுபடி நீலமாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த வித்தை அவர் மனைவி பவுனம்மாளுடையது. வாளியில் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டு, கல்லில் அடித்து, சோப்புத் தூளில் இரண்டு முறை கும்மி, வெயிலில் திருப்பித் திருப்பிப் போடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்து அந்த நீலத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ரெங்கசாமிக்குக் கழிவெண்ணெய்த் தோணியில் வேலை. கப்பலின் எஞ்சின் அறைக்கு அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஒரு கறுப்புக் குழம்பு சேர்ந்துகொண்டே இருக்கும். எந்தக் கப்பலானாலும் சேரும். முன்பெல்லாம் இருட்டியதும் ஒரு குழாயைத் திறந்து அதைக் கடலுக்குள் விட்டுவிடுவார்கள். கேட்பாரில்லை. சதுப்பு மரங்களின் வேரெல்லாம் கறுத்துக் கிடந்தது. பாசாரில் வாங்கிய மட்டிச் சிப்பியை அவித்தால் வீட்டுக்குள் டீசல் வாடை வந்தது. பிறகுதான், கடலில் எண்ணெய் விடக்கூடாது என்று பல நாடுகள் ஒத்துக்கொண்ட சட்டத்தில் நம் நாடும் சேர்ந்தது. ஒரு தனியார் கம்பெனி பம்பு வைத்த தோணி ஒன்றைக் கொண்டுவந்து, 'லாவுட் பெர்சே' என்று பச்சை எழுத்தில் பெயர் எழுதி நிறுத்தியது. மலாயில் சுத்தமான கடல் என்று அர்த்தம். கப்பல் கப்பலாகப் போய்க் கழிவை உறிஞ்சி வந்து, தண்ணீரைப் பிரித்துவிட்டு, எண்ணெயைச் சூளைகளுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் ஆட்கள் அந்தத் தோணிக்கு வைத்த பெயர் வேறு. கக்கூஸ் தோங்காங், அதாவது கக்கூஸ் தோணி.

பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, பவுனம்மாளின் அண்ணன் தம்புசாமிதான். அவர் வார்ஃபில் மண்டோர். நாற்பது பேரை மேய்க்கிறவர், மாரியம்மன் கோயில் தலைவரும் அவர்தான். தன் கீழே கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த தங்கச்சி புருஷன் அந்த வேலையை உதறிவிட்டுக் கழிவெண்ணெய் அள்ளப் போனது அவருக்குத் தாங்க முடியாத மானக்கேடாக இருந்தது. ரெங்கசாமி ஏன் போனார் என்று அவருக்குப் புரியவில்லை. பவுனம்மாளுக்குப் புரிந்திருந்தது. அதற்குக் காரணம் ஒரு சேலை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, எண்பத்து நான்கில் கலைவாணி பிறந்தாள். பிறந்தால் மாசி மகத்துக்கு அம்மனுக்குப் பட்டு எடுத்துக் கட்டுகிறேன் என்று பவுனம்மாள் வேண்டியிருந்தாள். மாசி மகத்தன்று எங்கள் அம்மனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய மீனவர் ஜெட்டியில் இறக்கிக் கடலில் முழுக்காட்டுவது வழக்கம். அந்த வருஷம் பவுனம்மாள் எடுத்த மஞ்சள் பட்டைக் கட்டிக்கொண்டு அம்மன் கடலுக்குள் இறங்கினாள். ஏறும்போது சேலையின் பாதி கறுப்பாக இருந்தது. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு சொட்டியது. அம்மன் இடுப்பு வரைக்கும் கறுப்பு.

அதற்கு முதல் நாள் எந்தக் கப்பல் எங்கே கொட்டியதோ. கப்பலை யார் திட்டுவார்கள்? சேலை எடுத்தவளைத்தான் பார்த்தார்கள். தீட்டோடு எடுத்திருப்பாள் என்றார்கள். பிள்ளைக்கு ஆகாது என்றார்கள். கைக்குழந்தையோடு கரையில் நின்ற பவுனம்மாளின் பக்கத்திலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. சேலையை மண்ணெண்ணெயில் போட்டு ஒரு வாரம் துவைத்தாள். பட்டு நைந்து போனது, கறை போகவில்லை.

அடுத்த இரண்டு மூன்று வருஷம், கறை தெரியாமல் இருக்கட்டும் என்று கறுப்புக் கரை வைத்த சேலையாக எடுத்துக் கட்டிப் பார்த்தார்கள். கறுப்பு கரையைத் தாண்டி மேலே ஏறியது. அப்புறம் கடலையே விட்டுவிட்டார்கள். ஜெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் லோரியை நிறுத்தி, குழாய்த் தண்ணீரில் அம்மனுக்கு மாசி மகம் நடந்தது. கடல் நாலு அடி தள்ளிக் கிடந்தது. கறுப்போ அடர் நிறமோ கரை வைத்த சேலை மட்டும் வழக்கமாகவே நின்றுவிட்டது. எதற்காக வந்த வழக்கம் என்பதும் மறந்துபோனது. பவுனம்மாளிடம் அம்மனுக்குச் சேலை எடுக்க யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாசிக்கு முந்திய கோயில் கூட்டத்தில், தம்புசாமி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சொன்னார்.

"மாசி மகத்துக்கு லோரிக்குச் சொல்லியாச்சு. வழக்கம்போல ஜெட்டிகிட்ட நிறுத்திக்கலாம். வேற ஏதாச்சும் இருக்கா?"

"இந்த வருஷம் லோரி வேணாம் மச்சான்" என்றார் ரெங்கசாமி. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகூட நிற்கவில்லை. "அம்மன கடலுக்கே கொண்டு போயிடலாம்."

"கடலுக்கா? என்ன மாப்ள, எல்லாம் மறந்து போச்சா?"

"மறக்கல. அதனாலதான் சொல்றேன். இப்பல்லாம் கப்பல்காரன் கொட்டுறதில்ல. எங்கள கூப்பிட்டுக் குடுத்துட்டுப் போறான். ஜெட்டித் தூண போய் பாருங்க. சிப்பி புதுசா ஒட்டியிருக்கு. பழைய கறுப்புக்கு மேலயே ஒட்டியிருக்கு."

"அதாவது, உன் கக்கூஸ் தோங்காங்க நம்பி அம்மன தண்ணியில எறக்கணும்ங்கிற."

சிரித்தார்கள். ரெங்கசாமியும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்த ஆள் அப்படித்தான்.

"ஆமா மச்சான். எங்க கக்கூஸ் தோங்காங்க நம்பித்தான். கறை பட்டுச்சுன்னா நான் இந்தக் கோயில் வாசல மிதிக்கல. போதுமா?"

சிரிப்பு நின்றது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பவுனம்மாளின் குரல் வந்தது.

"சேல நான் எடுத்துத் தரேன்."

பூசாரி காத்தமுத்து வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"எடும்மா" என்றார். "பதினாலு வருஷமா நீ வாயத் தொறக்க மாட்டியான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஜவுளிக்கடைகளுக்குக் குறைவில்லை. கலைவாணியையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரப் பெண் புஷ்பவல்லி சேலைகளை விசிறி விசிறிப் போட்டாள். எல்லாம் பவுனம்மாள் வேண்டாமென்று தள்ளினாள்.

"மஞ்சள்ல கரையில்லாம ஒண்ணு காட்டும்மா."

புஷ்பவல்லியின் முகம் மாறிவிட்டது. "என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க? எங்க சேலையில கறையா? நேத்துதான் கட்டு பிரிச்சோம். எங்க கறை இருக்கு, காட்டுங்க. மொதலாளி காதுல விழுந்தா என்ன தொலைச்சிடுவாரு லா."

"அந்தக் கறை இல்லம்மா. இது, இது." பவுனம்மாள் ஒரு சேலையின் விளிம்பைப் பிடித்து ஆட்டினாள்.

"ஐயோ, பார்டரா! பார்டர்னு சொல்ல வேண்டியதுதான அக்கா!"

கலைவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதுக்குத்தாம்மா எங்க தமிழ் டீச்சர் சின்ன ர, பெரிய றன்னு உயிர வாங்குறாங்க. நீ ரெண்டையும் ஒண்ணாவே சொல்ற."

"சரிடி பண்டிதரே. நீ வாய மூடு."

ஒரு மூலையிலிருந்து அது வந்தது. சுத்த மஞ்சள். தலைப்பில் மட்டும் சன்னமாக ஒரு ஜரிகைக் கோடு, விளிம்பில் ஒன்றும் கிடையாது. ஒரு பொட்டு எண்ணெய் பட்டாலும் பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரிந்துவிடும். பவுனம்மாள் அதைக் கையில் வாங்கி, விளிம்பை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பயம்தான். ஆனாலும் அதைத்தான் எடுத்தாள்.

அன்று சாயங்காலமே தம்புசாமி வந்துவிட்டார். நாற்காலியில் உட்காராமல் சேலையைப் பிரித்து நான்கு பக்கமும் பார்த்தார்.

"கரையில்லாத சேலையா? அம்மனுக்கா? என்ன பவுனு, அம்மன் என்ன தாலியறுத்தவளா? ஊர் என்னைத்தான் கேக்கும்."

"அண்ணே, போன வருஷம் என்ன கரை கட்டுனோம்?"

"அரக்கு. அடர் அரக்கு."

"அதுக்கு முந்தி?"

"கறுப்பு மாதிரி ஒரு நீலம்."

"எதுக்கு அப்படிக் கட்டுனோம்? சொல்லுங்க."

தம்புசாமிக்குத் தெரியும். சேலையை மடிக்கத் தெரியாமல் மடித்து வைத்தார்.

"நான் மூடி மறைக்கிறதுக்கு சேல எடுக்கல அண்ணே" என்றாள் பவுனம்மாள். "பட்டா படட்டும். ஊர் பாக்கட்டும். படலன்னாலும் ஊர் பாக்கணும்."

"உன் புருஷன் கோயில் வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டான். ஞாபகம் வச்சிக்க. என் வாயால அவன தடுக்க வச்சிராத பவுனு." அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. கேலி செய்வாரே தவிரத் தங்கச்சி மேல் அவருக்கு உயிர்.

வழக்கு பூசாரியிடம் போனது. காத்தமுத்து சேலையைத் தடவிப் பார்த்தார்.

"கடல்ல குளிக்கப் போறவளுக்கு சேலையில எதுக்குய்யா கரை? கரை ஏத்துறதுக்கு நாமதான் இருக்கமே" என்று சொல்லிவிட்டு வெற்றிலை துப்ப வெளியே போனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாசி மகம் பௌர்ணமி நாள். எங்கள் கடலில் அன்றைக்கு ஏற்றம் அதிகம். மத்தியானத்திலிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கி, சாயங்காலம் ஜெட்டிப் படிகளை முக்கால்வாசி விழுங்கிவிடும். அம்மனை இறக்குவதும் அந்த நேரத்தில்தான். கனமான கப்பல்கள் கிளம்புவதும் அந்த ஏற்றத்தை நம்பித்தான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. போன வருஷத்துப் புகைமூட்டத்தில் ஊரே இருமியதற்கு இந்த வெயில் எவ்வளவோ தேவலை என்று சொல்லிக்கொண்டே பவுனம்மாள் புளியோதரை கிளறினாள். ரெங்கசாமி குளித்து மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் காப்புக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமி தூக்குகிறவர்களில் முன்வரிசை வலது தோள் அவருடையது. கோயிலிலிருந்து உறுமிச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் அவாங்கின் கப்சாய் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. தோணியை ஓட்டும் தண்டல் அவாங். முப்பது வருஷம் போர்ட்டில் எங்கள் ஆட்களோடு பழகிய மலாய்க்காரர், தமிழைத் தன் போக்கில் பேசுவார்.

"ரெங்கா, லீவு தெரியும். மன்னிச்சுக்கோ. அந்தப் பெரிய கப்பல் இருக்கு, நடுவுல நங்கூரம் போட்டது. வயிறு ரொம்ப நெறைஞ்சு. டெக்கில வழியுது."

"நாளைக்குத்தான அதுக்கு ஆர்டர்?"

"நாளைக்குத்தான். டேங்க் இன்னைக்கே நெறைஞ்சு போச்சு. சீப் இஞ்சினியர் அவனே போன் போட்டான். அவனே, ரெங்கா! தண்ணி போற ஓட்டையெல்லாம் அடைச்சு, மரத்தூள் கொட்டி நிக்கிறான். சீக்கிரம் வா, சீக்கிரம் வாங்கிறான்." அவாங்குக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது. அவர் பார்த்த காலத்தில் இப்படிக் கூப்பிட்ட கப்பல் கிடையாது. "இன்னும் கொஞ்சம் ஏறினா கடலுக்குள்ள விழும். விழுந்தா…" ஜெட்டி இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். ஏற்றம் அந்தப் பக்கமாகத்தான் வரும். "மத்த ஆள் ராமன் ஈப்போ போயிட்டான். குழாய் மாட்ட ரெண்டு ஆள் வேணும்."

ரெங்கசாமி மனைவியைப் பார்த்தார்.

"தோள் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன். இப்பப் போனா, வாக்குக் குடுத்துட்டு ஓடிட்டான்னுதான் உங்கண்ணன் சொல்வாரு."

பவுனம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். இன்று அவர் பக்கத்தில் இல்லாமல் அந்த ஜெட்டியில் நிற்க வேண்டுமா? பதினாலு வருஷத்துக்கு முன்பு நின்ற அதே இடம். ஆனால் சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வேட்டிய மாத்துங்க. ஓவரால் கொடியில காயுது."

"பவுனு…"

"தோள் குடுக்க ஆள் கிடைக்கும். குழாய் மாட்ட வேற ஆள் இருக்கா? போங்க."

அவர் உடை மாற்றுவதற்குள் வாழையிலையில் புளியோதரை இரண்டு பொட்டலம் கட்டினாள். ஒன்று அவாங்குக்கு. ரெங்கசாமி விபூதி நெற்றியோடும் காப்புக் கையோடும் நீல ஓவராலில் பின்சீட்டில் ஏறிப் போனார்.

கோயிலில் தம்புசாமி குதித்தார். "சொன்னேன்ல! சாமி காரியத்துல வாய விட்டுட்டு, கக்கூஸ் அள்ளப் போயிட்டான்! இப்ப அவன் எடத்துல யாரு நிக்கிறது?" நின்றவர்கள் எல்லாம் அவரவர் இடத்தில் இருந்தார்கள். முன்வரிசை வலது தோள் காலியாக இருந்தது. தம்புசாமி நாலு பேரைப் பார்த்தார், துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார், முணுமுணுத்துக்கொண்டே தானே போய்த் தோள் கொடுத்தார். அறுபதைத் தொடப்போகும் தோள்.

ஊர்வலம் ஜெட்டிக்கு வந்தபோது தண்ணீர் படிகளில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் லோரி ஏற்கெனவே வந்து நின்றது. வேண்டாமென்று முடிவான பிறகும் தம்புசாமி அதை நிறுத்தச் சொல்லவில்லை. டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சுண்டலும் பானகமும் ஒரு பக்கம் நடந்தது. பெண்கள் கடலை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

நடுக்கடலில் அந்தக் கப்பல் தெரிந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு சிறியதாக 'லாவுட் பெர்சே'. தோணியைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் மிதவை வேலி. கப்பலின் கிரேன் தடித்த குழாயை மேலே இழுத்துப் போயிருந்தது. அங்கே ரெங்கசாமி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது கரையில் பவுனம்மாளுக்கு மட்டும் தெரியும். எத்தனையோ சாயங்காலம் சோறு போடும்போது கேட்ட கதை. குழாய்களின் இரண்டு வாயையும் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கி, அடியில் தட்டு வைத்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பம்பு ஓடத் தொடங்கியதும் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவர் நின்றிருப்பார். எண்ணெய் ஒழுங்காக ஓடினால் குழாய் ஒரே மாதிரி அதிரும். அந்த அதிர்வு மாறினால் ஓடிப் போய் அடைக்க வேண்டும். முடியும்வரை கையை எடுக்க முடியாது.

"பவுனு" என்றார் தம்புசாமி. வியர்வை சொட்டியது. "பேசாம லோரித் தண்ணியிலேயே முடிச்சிடலாமா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மாப்ளையும் வாசல மிதிக்கலாம்."

பவுனம்மாள் பதில் சொல்லாமல் படியில் இறங்கினாள். முதல் படி, அடுத்த படி, தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. திரும்பிப் பார்த்து, "எறக்குங்கண்ணே" என்றாள்.

குலவை கிளம்பியது. அம்மனை இறக்கினார்கள். கரையில்லா மஞ்சள் சேலை தண்ணீரைத் தொட்டது, விரிந்தது, நனைந்து கனத்தது. பூசாரி தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார். முதல் முழுக்கு. இரண்டாவது முழுக்குக்குத் தூக்கியபோது, அம்மனைச் சுற்றித் தண்ணீரில் நிறம் தெரிந்தது. நீலம், பச்சை, ஊதா என்று வளையம் வளையமாக அகன்றுகொண்டே போனது.

"எண்ணெய்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

குலவை நின்றது. உறுமி நின்றது. பவுனம்மாளுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் நின்ற இரண்டு பெண்கள் ஒரு படி மேலே ஏறினார்கள். அதை அவள் பார்த்தாள்.

"தூக்குங்கடா!" என்று தம்புசாமி அலறினார். "தூக்குங்கடா மேல! சொன்னேனே, கேட்டீங்களா!"

"இருங்கய்யா!" என்று பூசாரி அதைவிடச் சத்தமாகக் கத்தினார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அந்த நிறத்தைக் கையால் அள்ளினார், மோந்து பார்த்தார், கொஞ்சம் நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். பிறகு தம்புசாமியின் மூக்குக்கு நேராகக் கையை நீட்டினார்.

"நல்லெண்ணெய்தான்யா இது. நாந்தான் காலையில அம்மனுக்கு ரெண்டு போத்தல் எண்ணெய்க்காப்புப் போட்டேன். இத்தன வருஷம் லோரித் தண்ணி அடிச்ச அடியில தானா போயிடும். இன்னைக்குத் தொடைக்கணும்னு தோணவே இல்ல."

தம்புசாமி மோந்தார். மறுபடியும் மோந்தார். முதலில் சிரித்தது லோரி டிரைவர். பிறகு ஜெட்டி முழுக்கச் சிரித்தது. அம்மனைப் பிடித்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அம்மனே ஒரு பக்கம் ஆடினாள். ஊர்க் கப்பலெல்லாம் எண்ணெய் விடுவதை நிறுத்தியபின் இங்கே எண்ணெய் விட்டது நம் பூசாரி ஒருத்தர்தான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மறு வருஷத்திலிருந்து அம்மனைத் துணியால் ஒற்றித் துடைத்த பிறகுதான் கடலில் இறக்குகிறார்கள்.

மூன்றாவது முழுக்கு முடிந்து அம்மன் கரையேறினாள். எங்கள் கடல் சேற்றுக் கடல், தண்ணீர் தேயிலை நிறம். சேலையில் சேறு இருந்தது. ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றினார்கள், சேறு ஓடியது. அடியில் மஞ்சள் இருந்தது. விளிம்பு வரைக்கும் மஞ்சள்.

பவுனம்மாள் சேலையின் ஓரத்தைக் கையில் எடுத்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனாள். மேலே ஏறிப்போன பெண்கள் இறங்கி வந்து, அவளோடு சேர்ந்து அந்த ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, அன்றைக்குத் தீட்டு என்று சொன்னவளேதான், சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பவுனம்மாள் அழுதாள். மறைக்கவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. தன் புருஷனை நினைத்து, அந்தக் கடலை நினைத்து, துவைத்துத் துவைத்துக் காய்த்துப்போன தன் கையை நினைத்தும் பெருமையாக இருந்தது. சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் உயர்த்தித் தோணி இருந்த பக்கம் விரித்துப் பிடித்தாள். அத்தனை தூரத்தில் என்ன தெரியும்? ஆனால் தோணியில் ஒரு நீலச் சட்டை ஒரு கையைத் தூக்கியது. மறு கை குழாயின் மேலேயே இருந்தது.

பூசாரி பரிவட்டத் துணியைத் தட்டில் வைத்துக்கொண்டு தம்புசாமியைப் பார்த்தார். தீர்த்தம் முடிந்ததும் முதல் பரிவட்டம் தலைவருக்குத்தான் கட்டுவது.

"இது எனக்கில்ல பூசாரி" என்றார் தம்புசாமி.

வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த வெள்ளைத் துணியை வாங்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஜெட்டியில் கட்டியிருந்த சீன மீனவர் ஆ சோயின் சம்பான் படகில் ஏறினார். சம்பான் படபடவென்று போனது. நாங்கள் எல்லாரும் ஜெட்டி விளிம்பில் வரிசை கட்டி நின்று பார்த்தோம். அங்கே பேசியதை அவாங் பிறகு நூறு முறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"மாப்ள, எறங்கி வா."

"வர முடியாது மச்சான். இன்னும் முடியல. கைய எடுக்கக் கூடாது."

தம்புசாமி தோணியைப் பார்த்தார். பக்கவாட்டில் தொங்கிய டயரைப் பிடித்து, மூச்சு வாங்க மேலே ஏறினார். அவர் கால் அந்தத் தோணியில் பட்டது அன்றைக்குத்தான்.

"சேல எப்படி மச்சான்?"

"கறை இல்லடா" என்றார் தம்புசாமி. "பொட்டுகூட இல்ல. தலையக் குனி."

"ஐயோ, என் தலையெல்லாம் மிஞ்ஞாக்கு, ஒரே எண்ணெய். துணி பாழாயிடும்."

"குனிடான்னா."

கட்டினார். கட்டும்போதே வெள்ளைத் துணியின் ஓரத்தில் கறுப்பு ஏறியது. அவாங் கப்பலை நோக்கிக் கை காட்ட, மேலே கம்பியில் சாய்ந்து நின்ற மாலுமிகள் என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார்கள். தம்புசாமி இறங்கவில்லை. குழாய் ஓடி முடியும்வரை தங்கச்சி புருஷனுக்குப் பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்று, மிச்சமிருந்த புளியோதரையைச் சாப்பிட்டார். கழிவையெல்லாம் கொடுத்துவிட்ட கப்பல் அந்த ஏற்றத்திலேயே கிளம்பித் தீவுகளைத் தாண்டிப் போனது. பின்னால் வெறும் நுரைதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் பவுனம்மாள் வாளியில் மண்ணெண்ணெய் விட்டு ஓவராலை அமுக்கினாள். கலைவாணி பரிவட்டத் துணியையும் கொண்டுவந்து வாளிக்கு மேலே நீட்டினாள்.

"அதக் குடு இங்க" என்று பவுனம்மாள் பிடுங்கிக்கொண்டாள்.

"கறையா இருக்கேம்மா. ஊறப்போடலையா?"

"அது கரைடி."

"எந்த ர? சின்ன ரவா, பெரிய றவா?"

பவுனம்மாள் ஓரத்துக் கறுப்பு வெளியே தெரியும்படி துணியை மடித்தாள். அலமாரியைத் திறந்து, அம்மன் கட்டிக் கழித்துத் திரும்பி வந்த மஞ்சள் சேலைக்கு மேல் வைத்தாள்.

"சின்ன ரதான்" என்றாள்.